பனியும் புல்லும் நகரசபைக் கடிதமும்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நகரசபைச் சட்டங்களைப் பற்றி ஒரு கால் மணித்தியாலம் கதையும்" எண்டு தலைவர் கேட்டபோது எனக்கு யோசனையாகத்தான் இருந்தது. நான் சட்டம் படித்தவன் இல்லை. ஏ.எல். சோதினை எழுதியதோடு என்னுடைய படிப்பு நின்று விட்டது. இங்கே வந்த நாள் முதல் பிளாஸ்ரிக் பக்ரறியில் மெசினுக்கு முன்னால் நிற்கிறேன். ஆனால் நகரசபையில் இருந்து கடிதம் வந்தால் அக்கம்பக்கத்துச் சனம் அதை என்னிடம் கொண்டு வரும். "தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்கால் பாரும்" எண்டு கேட்பார்கள். அப்படி வாசித்து வாசித்து, விளங்காததை நூலகத்தில் தேடிப் பிடித்துச் சேர்த்த அறிவுதான் இது. நான் சொல்லப் போவது ரொறன்ரோ நகரத்தின் கணக்கு. வேறு நகரங்களில் இருந்து வந்திருப்பவர்கள் தங்கள் நகரசபையைக் கேட்டுக் கொள்ள வேணும். ஹமில்ரன், கிச்சினர் போன்ற இடங்களில் வீட்டுக்கு முன்னால் போகிற பொது நடைபாதையையும் வீட்டுக்காரரே 24 மணித்தியாலத்துக்குள் துப்புரவாக்க வேணும். ரொறன்ரோவில் அப்படி இல்லை. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

விசயம் சின்னது. முற்றத்துப் புல்லும் வாசல் பனியும்தான். ஆனால் இந்த இரண்டாலும் கை முறிந்தவரையும், வாடகை வீட்டை விட்டு எழும்பினவரையும், ஒரே ஊர்க்காரர் இரண்டு பேர் கோயிலில் கண்டும் முகத்தைத் திருப்பிக் கொண்டு போனதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஊரில் முற்றம் எண்டால் அது வேலிக்கு உள்ளே. கிடுகாலோ பனையோலையாலோ அடைத்து விட்டால் உள்ளே என்ன நடக்குது எண்டு றோட்டால் போறவனுக்குத் தெரியாது. அம்மா விடிய எழும்பி முற்றம் கூட்டி, சாணித் தண்ணி தெளித்தது எங்கட வீட்டுக்காக. வேலிக்கு வெளியில் ஒழுங்கையில் என்ன கிடந்தாலும் அது எங்கட பாடு இல்லை. சண்டை வந்ததெல்லாம் எல்லையால்தான். கதியாலை நாலு விரற்கடை தள்ளி நட்டுப் போட்டான் எண்டு மல்லாகம் கோடு மட்டும் போன குடும்பங்கள் எத்தனை!

இங்கே எல்லாம் தலைகீழ். முன் வளவுக்கு வேலி இல்லை. உங்கட புல்லு தெருவால் போகிற எல்லாருடைய கண்ணிலும் படும். இன்னொரு வேடிக்கையும் இருக்கு. முன்னால் புல்லாகக் கிடக்கிற நிலத்தில் றோட்டுப் பக்கத்துத் துண்டு அநேகமாக உங்கட உறுதியிலேயே இருக்காது. அது றோட்டோடு சேர்ந்த நகரசபைக் காணி. காணி அவர்களுடையது, புல்லு வெட்டுறது நாங்கள். ஒரு ஐயாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது, "அப்ப வீட்டு வரியிலயும் கொஞ்சத்தைக் குறைக்கச் சொல்லும்" எண்டார்.

முதலில் கடிதத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அரசாங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். அது ஏன் எண்டு இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. ஒரு அம்மா, புல்லு வளர்ந்ததற்கு வந்த கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்து விட்டு, மகனுடைய அகதி வழக்குக்கு ஏதும் இடைஞ்சல் வந்திடுமோ எண்டு இரண்டு கிழமையாக நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறா. இதை வடிவாகக் கேளுங்கள். புல்லுக்கும் பனிக்கும் வருகிற கடிதம் பொலிஸ் கடிதம் இல்லை. அது குற்றவியல் வழக்கும் இல்லை. அதில் உங்கட பெயரில் குற்றப் பதிவு ஏறாது. அகதிக் கோரிக்கையோடும், நிரந்தர வதிவிடத்தோடும், குடியுரிமையோடும் அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

ஆனால் சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கவும் கூடாது. அதில் ஒரு திகதி போட்டிருக்கும். அதற்கு முன்னம் சொன்ன வேலையைச் செய்தால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. செய்யாவிட்டால் நகரசபையே ஆளை அனுப்பிப் புல்லை வெட்டும். வெட்டின கூலியை உங்கட வீட்டு வரியோடு சேர்த்து விடும். அந்தக் கூலி பக்கத்து வீட்டுப் பெடியன் இருபது டொலருக்கு வெட்டித் தாற கணக்காக இருக்காது.

எங்கட ஆட்கள் கடிதம் கிடைத்ததும் செய்கிற முதல் வேலை, முறைப்பாடு குடுத்தது யார் எண்டு ஆராய்கிறது. நகரசபை பெரும்பாலும் யாராவது 311க்கு அடித்துச் சொன்ன பிறகுதான் வந்து பார்க்கும். சொன்னவருடைய பெயரை வெளியில் விடாது. உடனே இந்தப் பக்கத்து வெள்ளைக்காரனா, அந்தப் பக்கத்துச் சீனனா எண்டு பட்டிமன்றம் தொடங்கும். சில இடங்களில் உண்மையாகவே எங்கட நிறத்தைப் பிடிக்காதவன் இதை ஆயுதமாக எடுக்கிறான். அது இல்லை எண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் சில வேளை சொன்னவர் எதிர் வீட்டுத் தமிழராகவும் இருப்பார். யார் எண்டு கண்டுபிடிக்கப் பத்து நாள் போகும், கடிதத்தில் போட்ட திகதியும் அந்தப் பத்து நாளோடு போய் விடும். புல்லை வெட்டி விட்டு ஆராயுங்கள். அதே 311ஐ நீங்களும் அழைக்கலாம். ஆங்கிலம் வராவிட்டால் "ரமில்" எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பவரை இணைத்து விடுவார்கள்.

சரி, புல்லுக்கு என்ன அளவு? 20 சென்ரிமீற்றர். எட்டு அங்குலம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் புல்லு வளர விடக் கூடாது. இந்த அளவு புல்லுக்கு மட்டும்தான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் கீரைக்கும் இல்லை. முன் வளவில் மரக்கறி வைத்தால் சட்டவிரோதம் எண்டு யாரோ ஒரு கதையைக் கிளப்பி விட்டு, ஒரு அண்ணை நல்லாய்க் காய்த்த கத்தரிக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து போட்டார். பாவம். தெருமுனை வீட்டில் வாகனம் திரும்பிறவனுக்குக் கண் மறைக்கிற மாதிரி உயர்த்தி வைக்கக் கூடாது எண்டதை மட்டும் கவனித்தால் போதும். உடைந்த குளிர்ப்பெட்டி, ஓடாத கார், பழைய மெத்தை இவற்றை வளவில் போட்டு வைக்க ஏலாது. அதற்கும் கடிதம் வரும்.

புல்லை இந்த நாட்டுக்காரர் எல்லாரும் சாமியாகக் கும்பிடுகினம் எண்டும் நினைக்காதையுங்கோ. சாண்ட்ரா பெல் எண்ட ஒரு பெண் இதே ரொறன்ரோவில் தன் வீட்டு முன் வளவைக் காட்டுச் செடிகள் வளர விட்டா. நகரசபை அவவில் வழக்குப் போட்டு, 50 டொலர் தண்டமும் விழுந்தது. ஐம்பது டொலர்தானே எண்டு கட்டிப் போட்டு வீட்டை போகாமல் மேல்முறையீடு செய்தா. 1996இல் நீதிபதி அவவின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வளவில் எதை வளர்க்கிறது எண்டதும் ஒரு கருத்து வெளிப்பாடு, அது அரசியல் சாசனம் தந்த சுதந்திரம், அந்தச் சட்டம் செல்லாது எண்டார். அதற்குப் பிறகும் இயற்கைத் தோட்டம் வைக்கிறவர்கள் நகரசபையிடம் விலக்குக் கேட்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தேவையையும் எடுத்து விட்டார்கள். ஐம்பது டொலர் வழக்கில் கருத்துச் சுதந்திரம்! எங்கட நாட்டில் கருத்துக்கு என்ன விலை குடுத்தம் எண்டு நினைத்துப் பார்த்தால் சிரிக்கிறதா அழுகிறதா எண்டு தெரியாது. ஆனால் கவனியுங்கள். அவ வளர்த்தது தோட்டம். நாங்கள் இரண்டு வேலைக்கு ஓடித் திரிந்து பார்க்காமல் விட்ட புல்லை நீதிபதிக்கு முன்னால் தோட்டம் எண்டு சொல்ல ஏலாது.

களைக்கு மருந்து அடிக்கிறதைப் பற்றியும் ஒரு சொல்லு. வன்னியில் தோட்டம் செய்தவர்களுக்குக் களைநாசினி பழக்கமானது. இங்கே ஒன்ராறியோவில் வீட்டு வளவின் அழகுக்காக அப்படியான நஞ்சு அடிக்கிறது 2009 ஏப்ரல் 22ஆம் திகதியில் இருந்து தடை. வினாகிரி போன்ற சில சாமான்களுக்குத்தான் அனுமதி. மஞ்சள் பூப் பூக்கிற அந்த டன்டலையனை வேரோடு கிளப்புறதென்றால் மழை பெய்து நிலம் இளகின அடுத்த நாள்தான் வசதி.

இனிப் பனி. இதற்குத்தான் நான் வந்தது.

இந்த ஊரின் பனி எப்படி எண்டு பழைய ஆட்களுக்குத் தெரியும். 1999 ஜனவரியில் கொட்டின கொட்டுக்கு அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். இராணுவம் வருகுது எண்டு ரேடியோவில் கேட்டவுடன் தன்னுடைய மனிசி அடையாள அட்டையைத் தேடினவ எண்டு ஒரு ஐயா எனக்குச் சொன்னார். வந்த ஆமி சவளோடு நின்று பனி அள்ளினதாம். 2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து இரண்டு புயல் வந்து அரை மீற்றருக்கு மேல் கொட்டினது உங்களுக்கே நினைவிருக்கும். பல இடங்களில் நடைபாதை கிழமைக் கணக்கில் திறபடவில்லை.

முந்தி பழைய ரொறன்ரோ நகரப் பகுதியில் வீட்டுக்கு முன்னால் உள்ள பொது நடைபாதையையும் வீட்டுக்காரர் 12 மணித்தியாலத்துக்குள் துப்புரவாக்க வேணும். 2021 குளிர்காலம் தொடக்கம் அந்த வேலையை நகரம் முழுக்க நகரசபையே எடுத்திருக்கிறது. சின்ன மெசின் வந்து தள்ளும். ஆனால் உங்கட எல்லைக்குள் இருக்கிற படி, வாசல் வழி, டிரைவ்வே, பக்க வாசலுக்குப் போகிற பாதை இவை எல்லாம் பனி நின்று 24 மணித்தியாலத்துக்குள் துப்புரவாக வேணும். தள்ளின பனியை றோட்டில் போடவும் கூடாது. அது நகரசபைச் சட்டத்திலும் குற்றம், மாகாண வீதிச் சட்டத்திலும் குற்றம். எங்கட டிரைவ்வேயில் கிடந்த பனியை எதிர்ப்பக்கம் கொண்டு போய்த் தள்ளினால் எதிர்வீட்டுக்காரர் வாழ்த்த மாட்டார்.

இந்தச் சட்டம் யாருக்காக? கார் வைத்திருக்கிறவன் வீட்டுக்குள்ளே காரில் ஏறி வேலைத்தலத்தில் இறங்குவான். விடிய ஐந்து மணிக்கு இருட்டில் பஸ் தரிப்புக்கு நடக்கிறவர்கள் யார்? பக்ரறிக்குப் போகிற நாங்கள். கோப்பிக் கடைக்கும், வயோதிபர் இல்லத்துக்கும் வேலைக்குப் போகிற எங்கட பெண்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக் கொண்டு போகிற அம்மம்மாமார். இந்தச் சட்டம் எங்களைத் தொந்தரவு செய்ய வந்தது எண்டு நினைத்துக் கொண்டிருக்கிறோம். நடந்து போகிற எங்களுக்குத்தான் அது முதலில் பாதுகாப்பு. அது அதிகமாக மீறப்படுகிற இடம் எது எண்டு கேட்டால், சொல்லக் கூச்சமாக இருக்கு, எங்கட வீடுகளின் பக்க வாசல். பேஸ்மென்ற் வாசல்.

என்னோடு வேலை செய்கிற ஒரு அக்கா ஒரு தமிழர் வீட்டுப் பேஸ்மென்றில் இருந்தவ. வீடு பார்க்க வந்த அன்றே வீட்டுக்காரர், "பனி நீங்கள்தான் தள்ள வேணும், அதுக்குத்தான் வாடகையைக் குறைச்சுச் சொல்லுறன்" எண்டிருக்கிறார். 2023 தை மாதம் ஒருநாள், கூரைப் பீலியால் ஒழுகின தண்ணி பக்கப் படியில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்திருக்கு. விடிய வேலைக்கு வெளிக்கிட்டவ விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஏஜென்சி வேலை. எட்டுக் கிழமை சம்பளம் இல்லை. "என்ர பங்குதானே தம்பி, நான் தள்ளாதது என்ர பிழைதானே" எண்டு வாய் திறக்காமல் இருந்தா. வீட்டுக்காரருக்கோ, இவ வழக்குப் போட்டால் வீடு போய்விடுமோ எண்ட பயம். கடைசியில் வீட்டை விடச் சொல்லி விட்டார். இரண்டு பேரும் நல்ல மனிசர். இரண்டு பேருக்கும் சட்டம் தெரியாது.

சட்டம் என்ன சொல்லுது எண்டால், வாடகை வீட்டின் வெளி வாசலையும் பாதையையும் பாதுகாப்பாக வைத்திருக்கிறது வீட்டுக்காரரின் கடமை. "பனி வாடகைக்காரர் தள்ள வேணும்" எண்டு ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த வரியைக் காட்டி வீட்டுக்காரர் தப்ப ஏலாது. 2009இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லி விட்டது. அந்த வழக்கிலும் பனிக்கட்டியில் விழுந்தது ஒரு வாடகைக்காரர்தான். வாடகைக்கு இருப்பவரைக் கொண்டு பனி தள்ளுவிக்க வேணும் எண்டால் அது வாடகையோடு பிணையாத தனி வேலை ஒப்பந்தமாக, அதற்குரிய கூலியோடு இருக்க வேணும். விருப்பம் இல்லை எண்டு வாடகைக்காரர் சொன்னால் அதற்காக வாடகை ஒப்பந்தம் முறியக் கூடாது.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் ஆக இருக்கிற அண்ணைமார் என்னைக் கோபமாகப் பார்க்கிறது தெரியுது. மோர்ட்கேஜ் எவ்வளவு எண்டு எனக்கும் தெரியும். இரண்டு வேலை செய்து வாங்கின வீடு. உங்களுக்கும் ஒரு விசயம் சொல்லுகிறேன். யாராவது விழுந்தால் அநேகமாகப் பணம் கட்டுறது உங்கட வீட்டுக் காப்புறுதி, நீங்கள் இல்லை. ஆனால் பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருக்கிறதைக் காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லியிருக்க வேணும். மாதம் பத்துப் பதினைந்து டொலர் கூடும் எண்டு சொல்லாமல் விட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். கை எழுப்பத் தேவையில்லை. நாளைக்கு ஒருக்கால் தொலைபேசி எடுங்கள். பீலி ஒழுகினால் பனி வர முன்னம் கட்டுங்கள். பொது நடைபாதையில் யாராவது விழுந்தால் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பில்லை எண்டு 2000ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பு இருக்கு. ஆனால் உங்கட வளவில் இருந்து ஓடின தண்ணி அங்கே உறைந்து ஒருவர் விழுந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

விழுந்தவர்களுக்கு நாள் கணக்கு இருக்கு. இதைக் குறித்துக் கொள்ளுங்கள். தனியார் இடத்தில், அதாவது வீட்டு வாசலிலோ கடை வாசலிலோ பனியில் விழுந்து காயப்பட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேணும். திகதி, நேரம், இடம் எழுதி, நேரில் குடுக்க வேணும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேணும். இது 2021 ஜனவரி 29இல் வந்த சட்டம். நகரசபையின் நடைபாதையில் விழுந்தால் 10 நாள்தான். அதோடு, நகரசபை பாரதூரமாகக் கவனயீனமாக இருந்தது எண்டும் காட்ட வேணும். அது லேசான காரியம் இல்லை. விழுந்த அன்றே அந்த இடத்தைப் படம் எடுங்கள். அடுத்த நாள் வெயில் வந்தால் சாட்சி தண்ணியாய் ஓடி விடும். அந்த அக்கா என்னிடம் சொன்னபோது நாலு மாதம் கடந்து விட்டது. நியாயமான காரணம் இருந்தால் பிந்தியும் போகலாம் எண்டு சட்டத்தில் இருக்கு. ஆனால் அவவுக்கு அலைய மனம் வரவில்லை. அறிவிக்கிறது எண்டால் உடனே வழக்குப் போடுறது எண்டு அர்த்தம் இல்லை. கதவைப் பூட்டாமல் வைக்கிறது, அவ்வளவுதான்.

யார் பனி தள்ளுறது எண்டதும் எங்கட வீடுகளில் யோசிக்க வேண்டிய விசயம். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, "சும்மாதானே இருக்கிறன்" எண்டு அப்பாமார் சவளைத் தூக்குகினம். கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான கணக்கைப் பார்த்து 2017இல் வெளிவந்த ஒரு ஆய்வு, பெரும் பனி கொட்டின அடுத்த நாள் ஆண்களுக்கு மாரடைப்புக் கூடுது எண்டு சொல்லுது. பிறசரும் சீனி வருத்தமும் எங்கட சனத்துக்குக் குறைவில்லை. அறுபத்தைந்து வயதில் ஈரப் பனி அள்ளுறது மண் அள்ளுற மாதிரி. கொட்டி முடியும் மட்டும் பார்த்துக் கொண்டிராமல், நடுவில் ஒருக்கால் இளசுகள் தள்ளி விட்டால் பாரம் அரைவாசி. வேலைக்குப் போகிறவன் பத்து நிமிசம் முந்தி எழும்பினால் அப்பா சவளைத் தொடத் தேவையில்லை. உப்பைப் பற்றியும் கேட்டார்கள். குளிர் சைபருக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. அள்ளிக் கொட்டுறதில் பிரயோசனம் இல்லை, சீமெந்துப் படிதான் பொரிந்து போகும். அந்த நேரம் மணல் தூவினால் கால் வழுக்காது.

நான் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். சித்திரைக்குப் பிறகு சங்கத்தின் பேரில் ஒரு பக்கத் தாள் தமிழில் அடிக்க யோசித்திருக்கிறோம். ஒரு பக்கம் வீட்டுக்காரருக்கு, மறுபக்கம் வாடகைக்காரருக்கு. 20 சென்ரிமீற்றர், 24 மணித்தியாலம், 10 நாள், 60 நாள், 311, இவ்வளவும் அதில் இருக்கும். சட்டம் படிக்கிற பிள்ளைகள் யாராவது அச்சுக்குப் போக முன்னம் ஒருக்கால் சரி பார்த்துத் தர வேணும். பிரதி எடுக்கிற செலவைச் செயற்குழு பார்க்கும் எண்டு பொருளாளர் தலை ஆட்டியிருக்கிறார், எல்லாரும் கண்டீர்கள்தானே. வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் ஏதும் கடிதம் இருந்தால் அடுத்த ஞாயிறு பின்னேரம் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். நான் நாலு மணியில் இருந்து நிற்பேன்.

கேள்விகள் இருந்தால் தேத்தண்ணி நேரத்தில் கேட்கலாம்.